அரண்மனைத் தோட்டமும் அதை வளர்த்த கைகளும்

தமிழகத்திலிருந்து உற்றார் உறவினர் பெங்களூருக்கு வந்தால், இந்நகரில் குடியேறிய தமிழர் அவர்களை அழைத்துச் செல்லும் இடங்களுள் இரண்டு தவறாமல் இடம்பெறும். ஒன்று, வசந்த நகரில் உள்ள பெங்களூர் அரண்மனை. மற்றொன்று, லால்பாக் பூங்கா. முற்பகலில் அரண்மனை, பிற்பகலில் பூங்கா என்று வகுத்துக்கொண்டு இரண்டையும் ஒரே நாளில் பார்த்து முடிப்பாரும் உண்டு. தர்பார் மண்டபத்தையும் கண்ணாடி மாளிகையையும் கண்டோம் என்ற நிறைவுடன் வீடு திரும்புகிறோம். ஆயினும், இவ்விரண்டும் ஒரே வரலாற்றின் இரு பகுதிகள் என்பதையும், அவ்வரலாற்றில் தமிழருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதையும் நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனை ஈண்டுச் சிறிது விளக்க முற்படுகின்றோம்.

மன்னர் வாழும் மாளிகைக்கு அருகே சோலை ஒன்றும் இருத்தல் வேண்டும் என்பது நமக்குப் புதிய கருத்தன்று. இலவந்திகை என்பது அரசரும் அவர்தம் சுற்றமும் நீராடி இளைப்பாறுதற்கென அமைத்த சோலையின் பெயர். இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்று பாண்டிய வேந்தன் ஒருவனைச் சங்க நூல்கள் குறிக்கின்றன. தான் உயிர் நீத்த சோலையின் பெயராலேயே ஒரு மன்னன் பின்வந்தோரால் அறியப்பட்டான் என்றால், அச்சோலைக்கு இருந்த சிறப்பை நாம் உணரலாம்.

ஐரோப்பாவில் இக்கருத்து 17, 18ஆம் நூற்றாண்டுகளில் மிகப் பெரிய அளவில் உருப்பெற்றது. அக்காலத்துக் கட்டடக் கலையைப் பரோக் கலை என்பர். இத்தாலியில் தோன்றிப் பிற நாடுகளுக்குப் பரவிய இக்கலையின் நோக்கம், காண்போரை வியப்பில் ஆழ்த்துவது. பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயி வெர்சேயில் அமைத்த அரண்மனையும் தோட்டமும் இதற்குத் தலைசிறந்த சான்று. அங்கே மாளிகையின் நடுவிலிருந்து புறப்படும் நேர்கோடு ஒன்று தோட்டத்தை இரு சம பாதிகளாகப் பிரிக்கும். இப்புறம் உள்ள பாத்தியும் நீரூற்றும் அப்புறமும் இருக்கும். செடிகள் தம் விருப்பம்போல் வளர்வதில்லை. கத்தரிக்கோலின் ஆணைக்கு அடங்கியே வளரும். மாந்தரைப்போலவே மரங்களும் மன்னனுக்குக் கட்டுப்பட்டவை என்று சொல்லாமற் சொல்லும் தோட்டம் அது.

ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்கு அருகே, எல்பே ஆற்றின் கரையில், பில்நிட்ஸ் என்னும் அரண்மனை உள்ளது. சாக்ஸனி நாட்டை ஆண்ட வலிமைமிகு அகஸ்டஸ் 1720ஆம் ஆண்டை ஒட்டி அமைத்த கோடைக்கால மாளிகை அது. சீன நாட்டுப் பாணியை நினைவூட்டும் கூரைகளும், ஆற்றுக்குள் இறங்கும் படிக்கட்டும், மலர்ப் பாத்திகளும் உடைய அதன் பெயரை நேயர்கள் நினைவில் வைத்தல் வேண்டும். பெங்களூரின் வரலாற்றில் அது பின்னர் எதிர்பாராத வகையில் வந்து சேரும்.

பெங்களூரில் பரோக் அரண்மனை இல்லை. ஐரோப்பியக் கோட்டையின் தோற்றத்தைத் தோட்டத்தின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியது என்று கூறத்தக்கது பெங்களூர் அரண்மனை ஒன்றே. அது எழுந்த சூழ்நிலை வியப்புக்குரியது. 1831ஆம் ஆண்டில் மைசூர் நாட்டின் ஆட்சிப் பொறுப்பைப் பிரிட்டிஷார் தாமே ஏற்றுக்கொண்டனர். மும்முடி கிருஷ்ணராஜ உடையார் பெயரளவில் மன்னராக இருந்து 1868இல் காலமானார். அவர் தத்தெடுத்திருந்த சாமராஜேந்திர உடையார் அப்போது ஐந்து வயதுச் சிறுவர். அச்சிறுவருக்குக் கல்வியும் ஆட்சிப் பயிற்சியும் அளித்த பிரிட்டிஷ் பாதுகாவலர்கள், அவர் பெங்களூரில் தங்குவதற்கென 1873இல் ஓர் இடத்தை அவருடைய சொந்தப் பணத்திலிருந்து 40,000 ரூபாய்க்கு வாங்கினர். அவ்விடம், பின்னர் சென்ட்ரல் கல்லூரியாக வளர்ந்த பள்ளியின் முதல் தலைமையாசிரியரான பாதிரியார் காரட்டுக்கு உரியதாக இருந்தது. 1874இல் தொடங்கிய கட்டட வேலை 1878இல் முடிவுற்றது. ஆட்சி மன்னரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டதோ 1881ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள். எனவே, அரசு கைக்கு வருமுன்னரே அரண்மனை கட்டி முடிக்கப்பட்டது. ஆளும் மன்னர் தம் வலிமையைக் காட்டக் கட்டியதன்று இது. நாளை ஆளவிருக்கும் சிறுவருக்காகப் பிறர் கட்டி வைத்தது.

அவ்வாறு ஆட்சி திரும்பியபோது மைசூர் நாட்டின் முதல் திவானாக அமர்ந்தவர் செங்கற்பட்டு மாவட்டத்திற் பிறந்த ரங்காசார்லு. அவ்வாண்டிலேயே மைசூரில் மக்கள் பிரதிநிதித்துவ சபை தொடங்கப்பெற்றது. தமிழகத்து மண்ணிற் பிறந்தவர் ஒருவர் இந்நாட்டுக்கு வந்து ஆற்றிய பணியாக இதனை நாம் குறித்துக்கொள்ளலாம்.

இனி அரண்மனையின் தோற்றத்தைக் காண்போம். இங்கிலாந்தை 1485 முதல் 1603 வரை டியூடர் மரபினர் ஆண்டனர். அவர்கள் காலத்துக் கட்டட முறையோடு ஸ்காட்லாந்துக் கோட்டைகளின் சாயலையும் கலந்து அமைத்தது இம்மாளிகை. சதுரமும் வட்டமுமான கோபுரங்கள், அவற்றின் உச்சியில் பல் வரிசைபோன்ற கொத்தளச் சுவர்கள், வளைவுகள், சுவரைத் தழுவிய பசுங்கொடிகள் ஆகியவை முதலில் நம் கண்ணைக் கவரும். இங்கிலாந்தின் விண்ட்ஸர் கோட்டையைப் பார்த்துக் கட்டியது என்று கூறுவது வழக்கம். ஆனால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிதல் நன்று. விண்ட்ஸர், 11ஆம் நூற்றாண்டில் வெற்றி வேந்தர் வில்லியம் பகைவரைத் தடுக்க எழுப்பிய அரண். அங்கே கொத்தளத்தின் இடைவெளி வில்லாளி மறைந்து நின்று அம்பெய்தற்கு ஆகும். பெங்களூரிலோ அவ்விடைவெளி அழகுக்கு மட்டுமே. இங்கு எவரும் முற்றுகையிடவில்லை, எவரும் அம்பெய்யவில்லை. போர்க்கோலம் பூண்ட கலியாண மாளிகை என்று இதனைக் கூறினும் பொருந்தும்.

உள்ளே நுழைவோர் கண்டு மகிழத்தக்கவை பல. மரச் சிற்ப வேலைப்பாடு எங்கும் மிகுதி. மாடிப்படி ஏறிச் சென்றால், மன்னர் சபை கூட்டிய தர்பார் மண்டபத்தை அடையலாம். அதன் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களின் வழியே வரும் வெயில், தரையில் நிறம் நிறமாக விழும். மண்டபத்துக்குச் செல்லும் வழியில், வேட்டையில் வீழ்ந்த யானையின் பெரிய தலை ஒன்று சுவரில் பொருத்தப்பட்டுள்ளது. கீழ்த்தளத்தில் திறந்த முற்றம் ஒன்று உண்டு. அங்குள்ள கல்லிருக்கைகளை நீல நிற ஓடுகள் அணி செய்கின்றன. வெளித்தோற்றம் ஆங்கிலேயருடையதாயினும், நடுவே வானம் தெரியும் முற்றத்தை அமைத்த மனம் நம் நாட்டு மனமே. தஞ்சையிலும் செட்டிநாட்டிலும் முற்றம் வைத்த வீடுகளில் வளர்ந்தவர்கள் இங்கு நின்றால் சற்றே தம் ஊரை நினைப்பர்.

அரண்மனையைச் சூழ்ந்த நிலம் 450 ஏக்கருக்கும் மேற்பட்டது. அதனைத் தோட்டமாக வகுக்கும் பொறுப்பு ஜான் கேமரன் என்பாரைச் சார்ந்தது. லால்பாக்கின் கண்காணிப்பாளராக 1874 முதல் 1908 வரை பணியாற்றியவர் அவர். ஆங்கிலேயரின் தோட்டக்கலை பரோக் கலைக்கு நேர்மாறானது. நேர்கோட்டையும் கத்தரிக்கோலையும் அது விரும்புவதில்லை. புல்வெளி தானே சரிந்து கிடப்பதுபோலவும், மரங்கள் தாமே கூடி நிற்பதுபோலவும் தோன்றச் செய்வதே அதன் திறம். மனிதன் உழைத்த சுவடு தெரியாமல் உழைக்கவேண்டிய கலை அது.

இன்று அத்தோட்டம் முழுவதும் பழைய நிலையில் இல்லை. அரண்மனை மைதானத்தின் பகுதிகள் திருமணங்களுக்கும் பொருட்காட்சிகளுக்கும் இசை நிகழ்ச்சிகளுக்கும் இடமாயின. இவ்வுடைமையை அரசாங்கம் எடுத்துக்கொள்ள 1996இல் கர்நாடகச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. அதனை அரச குடும்பத்தார் எதிர்த்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று பல்லாண்டுகள் நீண்டது. ஒரு தோட்டம் யாருடையது என்ற வினாவுக்குப் பத்திரமும் சட்டமும் விடை கூற முயல்கின்றன. ஆனால், அவ்வினாவுக்கு வேறொரு விடையும் உண்டு. அதனைக் காண நாம் நகரின் தென்பகுதிக்குச் செல்லவேண்டும்.

வழியில், கிருஷ்ணராஜேந்திரர் மார்க்கெட்டுக்கு அருகே, பழைய கோட்டைக்குள் திப்பு சுல்தானின் கோடை மாளிகை நிற்கின்றது. ஹைதர் அலி 1781இல் தொடங்கியதைத் திப்பு 1791இல் முடித்தார். தேக்குத் தூண்களும் வளைவுகளும் உடைய இரு தள மாளிகை அது. சொர்க்கமும் பொறாமைப்படும் இடம் என்று பொருள்படும் பாரசீக வாசகத்தைத் தாங்கிய அம்மாளிகை நிறைவுற்ற அதே 1791ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் கார்ன்வாலிஸ் பிரபுவின் படை பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தது. அடுத்த ஆண்டு கோட்டை திரும்பக் கிடைத்தும், 1799இல் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரில் மாண்டார். பின்னர் அவ்வின்ப மாளிகையில் பிரிட்டிஷாரின் அலுவலகம் 1868 வரை இயங்கியது. அரண்மனை கை மாறுவது எத்துணை எளிது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஆனால், தந்தையும் மகனும் வளர்த்த தோட்டத்தின் கதை வேறு. 1760ஆம் ஆண்டில் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக், முதலில் சுமார் 40 ஏக்கர் அளவினதாக இருந்தது. பாதைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடி நிலத்தை நான்காகப் பகுக்கும் மொகலாய முறையைத் தழுவியது அது. வெளிநாடுகளிலிருந்து விதையும் செடியும் வருவித்துத் திப்பு அதனை வளப்படுத்தினார். கட்டளையிட்டவர்கள் அவர்கள், மண்ணைக் கிளறியவர்கள் யாவர்? திகளர் என்னும் தோட்டக்காரச் சமூகத்தாரை ஹைதர் அலி இப்பணியில் அமர்த்தினார் என்பது இந்நகரின் வரலாறு கூறும் செய்தி. இவர்களுடைய முன்னோர் தமிழ் நாட்டுப் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்கள். பூவும் காயும் பயிரிடுவதில் இவர்களுக்கு இருந்த கைத்திறனே இவர்களுக்கு இந்நகரில் இடம் பெற்றுத் தந்தது.

சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி நடைபெறும் பெங்களூர்க் கரகத் திருவிழாவை அறியாதார் இரார். தர்மராயசுவாமி கோயிலிலிருந்து திரௌபதி அம்மனின் கரகத்தை மலர்க் கூம்புடன் தலையில் தாங்கி நள்ளிரவில் ஊர்வலம் வருபவர் திகளர் மரபினரே. தவக்கல் மஸ்தான் தர்காவிலும் கரகம் நின்று செல்வது வழக்கம். நம் வட தமிழக ஊர்களில் திரௌபதி அம்மன் வழிபாட்டையும் தீமிதியையும் கண்டு வளர்ந்தவர்கள், இவ்வூர்வலத்தைக் காணும்போது வேற்றூர் விழாவைக் காண்பதாக எண்ணமாட்டார்கள். இந்நகரமோ அதனைத் தன் தலைசிறந்த விழாவாக ஏற்றுப் போற்றுகின்றது. வந்தவரின் வழிபாடு ஊரின் வழிபாடாயிற்று. அவர்கள் நட்ட சோலை ஊரின் சோலையாயிற்று.

1856இல் லால்பாக் அரசாங்கத் தாவரவியற் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அன்று முதல் அது கண்ணுக்கு மட்டுமின்றி வயிற்றுக்கும் பயன் தரத் தொடங்கியது. அயல்நாட்டுப் பயிர்களைக் கொணர்ந்து, இம்மண்ணில் விளையுமா என்று சோதித்து, விளைந்தவற்றை உழவர்க்குப் பரப்புதல் அதன் பணியாயிற்று. தமிழர் இல்லங்களில் பெங்களூர்க் கத்தரிக்காய் என்று வழங்கும் சௌசௌவை எண்ணிப் பாருங்கள். அமெரிக்கக் கண்டத்துக்கு உரிய அக்கொடி, கேமரன் காலத்தில் லால்பாக் வாயிலாகப் பரவியது. அவர் காலத்திலேயே, லண்டன் பளிங்கு மாளிகையை முன்மாதிரியாகக் கொண்ட கண்ணாடி மாளிகைக்கு 1889 நவம்பர் 30ஆம் நாள் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார். இன்று குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி ஆண்டுக்கு இருமுறை மலர்க்காட்சி நடைபெறுவது அங்கேதான்.

1908இல் கேமரனுக்குப் பின் வந்தவர் குஸ்டாவ் ஹெர்மன் கிரும்பீகல். 1865இல் டிரெஸ்டனுக்கு அருகே லோமன் என்னும் சிற்றூரில் பிறந்த அவர், தோட்டக்கலை பயின்ற இடம் நாம் முன்னர்க் கூறிய பில்நிட்ஸ். பரோக் அரண்மனையின் ஒழுங்கான பாத்திகளுக்கிடையே தொழில் கற்ற அவர், பின்னர் இங்கிலாந்தின் கியூ பூங்காவில் பணியாற்றி, 1893இல் பரோடா சமஸ்தானத்துக்கு வந்து, அங்கிருந்து மைசூர் அரசின் அழைப்பை ஏற்றுப் பெங்களூர் சேர்ந்தார். மன்னர் மாளிகைக்கென உண்டான கலையை அவர் தெருவுக்குக் கொண்டுவந்தார் என்பதே அவருடைய பெருமை. ஒரு மரம் பூத்து ஓயும் வேளையில் மற்றொன்று பூக்கவேண்டும். ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தெருவில் ஏதேனும் ஒரு நிறம் இருக்கவேண்டும் என்று திட்டமிட்டு அவர் சாலை மரங்களைத் தேர்ந்தார். காலையில் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் விரையும் தொழிலாளி தலை நிமிர்ந்தால் காணும் பூ, எந்த அரண்மனைக்கும் உரியதன்று.

அவர் வாழ்வு இனிதாகவே சென்றது என்று கூறுவதற்கில்லை. உலகப் போர்க் காலத்தில் பகை நாட்டிற் பிறந்தவர் என்ற காரணத்தால் அவர் காவலில் வைக்கப்பட்டார். தாம் நட்ட மரங்கள் நிழல் தந்துகொண்டிருக்க, நட்டவரை அயலார் என்று ஒதுக்கிய காலம் அது. ஆயினும் அவர் இவ்வூரை விட்டுச் செல்லவில்லை. 1956இல் பெங்களூரிலேயே மறைந்து, இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். லால்பாக்கை ஒட்டிய சாலை ஒன்று அவர் பெயரைத் தாங்குகின்றது.

பிழைப்பு நாடி வேற்று மாநிலம் வந்த தமிழர்க்கு இவ்வரலாறு ஓர் ஆறுதலும் ஒரு கடமையும் ஆகும். 1809இல் இங்குப் பிரிட்டிஷாரின் படைக் குடியிருப்பு நிறுவப்பட்ட பின், படைவீரராகவும் வணிகராகவும் கைவினைஞராகவும் தமிழர் திரளாக வந்து அல்சூரிலும் அதனைச் சுற்றிலும் குடியேறினர். அதன் பின்னர் ஆலைகளைத் தேடியும், அண்மைக் காலத்தில் கணினித் தொழிலைத் தேடியும் வந்தவர் பலர். தலைமுறைகள் கடந்தும், நெருக்கடியான வேளைகளில், இது நம் ஊர்தானா என்ற ஐயம் எழாமலில்லை. மொழிப் பூசலும் ஆற்று நீர்ப் பூசலும் மூண்ட ஆண்டுகளில் அவ்வையம் அச்சமாகவும் மாறியதை நாம் அறிவோம். அவ்வேளைகளில் லால்பாக்கை நினைத்தல் நலம். மைசூர்ச் சுல்தான், தமிழகத்து வழிவந்த திகளர், ஆங்கிலேயர், சாக்ஸனி நாட்டவர், கன்னட நாட்டுத் தோட்டக் கலைஞர் என்று பலர் தொட்டு வளர்த்த இடம் அது. அவர்களுள் எவரும் தம் தாய்மொழியை மறந்ததால் இவ்வூரார் ஆகவில்லை. இம்மண்ணில் ஒன்றை நட்டு, அது வேரூன்றும்வரை நீர் வார்த்ததால் ஆயினர். ஊரின் மொழியைக் கற்றலும் ஊரின் நலத்தில் பங்கு கொள்ளலும் அத்தகைய நீர் வார்த்தலே.

காணச் செல்வோர்க்கு ஒரு சிறு யோசனை. கன்டோன்மென்ட் ரயில் நிலையத்துக்கு அண்மையில் உள்ள அரண்மனையை முற்பகலில் பாருங்கள். பின்னர் மெட்ரோவின் பச்சைத் தடத்தில் மார்க்கெட் நிலையத்தில் இறங்கித் திப்புவின் மாளிகையைக் காணலாம். அங்கிருந்து இரண்டாவது நிலையம் லால்பாக். இன்று சுமார் 240 ஏக்கர் பரந்துள்ள அப்பூங்காவில், முதலில் பாறைக் குன்றின்மேல் ஏறுங்கள். சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையுடைய அப்பாறையின் உச்சியில், பெங்களூரை நிறுவிய கெம்பே கவுடர் பெயரால் வழங்கும் சிறு மண்டபக் கோபுரம் உள்ளது. நகரம் முழுவதும் அங்கிருந்து விரியும். கீழே இறங்கினால், தென்னார்க்காட்டுத் திருவக்கரையிலிருந்து கொணர்ந்து நிறுத்திய கல்மரத்தையும் காணலாம்; சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து கல்லாக மாறிய மரம் அது.

உடன் வரும் குழந்தைகளுக்குக் கண்ணாடி மாளிகையைக் காட்டுவதோடு நில்லாமல், மரங்களில் தொங்கும் பெயர்ப் பலகைகளைப் படித்துக் காட்டுங்கள். ஒன்று ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, மற்றொன்று பிரேசிலிலிருந்து வந்தது, இன்னொன்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்று அறிவார்கள். அவை யாவும் இன்று பெங்களூரின் மரங்கள் என்றே பெயர் பெற்றுள்ளன என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.